பூர்வீகமும் வில்லங்கமும்: பழமைவாதச் சிந்தனையை எந்த வாசல் வழியாகப் படிக்கத் தொடங்குவது?

கோபிசெட்டிபாளையத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடும் எங்கள் வாசகர் வட்டம், வரும் தை மாதத்திலிருந்து நான்கு அமர்வுகளைப் பழமைவாத அரசியல் சிந்தனையின் வரலாற்றுக்கு ஒதுக்கியிருக்கிறது. ஒதுக்கியதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. எதை முதலில் படிப்பது என்பதில்தான் இரண்டு கூட்டங்கள் பேச்சிலேயே கழிந்தன. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், 18ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க்கின் பிரெஞ்சுப் புரட்சி பற்றிய நூலில்தான் தொடங்க வேண்டும் என்கிறார். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் நடத்துபவர், பொருளாதார அறிஞர் ஹயெக்கை முன்வைக்கிறார். கல்லூரியில் தத்துவம் கற்பிக்கும் அம்மையார், ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் மைக்கேல் ஓக்‌ஷாட்டைச் சொல்கிறார். கீழ்பவானிப் பாசனத்தில் மஞ்சள் பண்ணயம் பார்க்கும் எங்கள் மூத்த உறுப்பினரோ, “திருச்செங்கோட்டுல ஆசிரமம் வெச்சிருந்தவர உட்டுப்போட்டு லண்டனுக்கு எதுக்குங்க போகோணும்?” என்று கேட்டு, ராஜாஜியையும் அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சியையும் நான்காவதாக வைத்தார். இந்த நான்கு வாசல்களையும் ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. அமர்வுக்கு இரண்டு மணி நேரம். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு மாதத்தில் படிக்கக்கூடியது ஐம்பது, அறுபது பக்கம். ஆங்கிலத்தைத் தடையின்றிப் படிப்பவர்கள் எங்களில் பாதிப் பேர். இந்த எல்லைக்குள்தான் முடிவு செய்தாக வேண்டும்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழில் ‘பழமைவாதி’ என்பது ஏறக்குறைய வசைச்சொல். யாரும் தன்னைத் தானே அப்படி அழைத்துக்கொள்வதில்லை. ஐரோப்பாவில் அந்தச் சொல் வசையாகத் தொடங்கவில்லை. நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1818இல் பிரான்சில் எழுத்தாளர் ஷத்தோபிரியான் தொடங்கிய இதழின் பெயராகத்தான் ‘பேணுபவர்’ என்ற பொருளில் அது அரசியலுக்குள் வந்தது. இங்கிலாந்தில் 1830 வாக்கில் டோரிக் கட்சியினரைக் குறிக்கத் தொடங்கியது. ஆகவே இந்த மரபின் மூலவர் என்று எல்லோரும் காட்டும் பர்க், 1797இல் தாம் இறக்கும்வரை அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவரே அல்லர். டோரிகளுக்கு எதிரணியான விக் கட்சிக்காரராக வாழ்ந்து விக் கட்சிக்காரராகவே இறந்தவர். நம் பக்கத்தில் இந்தச் சிந்தனைக்கு மிக நெருங்கி வருவது, ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்ற நன்னூல் நூற்பா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மேடைகளில் அதை மாற்றத்துக்கு வாழ்த்துப் பாவாக முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ‘வழுவல கால வகையினானே’ என்ற மறுபாதியில்தான் சங்கதி இருக்கிறது. சொல் கழிவதும் புகுவதும் குற்றமில்லை என்று சொல்லும் இலக்கண ஆசிரியர், அதைச் செய்வது காலம் என்கிறார். ஓர் அரசாணையில் மொழியை மாற்றிவிட முடியாது என்பது இலக்கணக்காரருக்குத் தெரிந்திருந்தது. சமூகத்தையும் அப்படி மாற்றிவிட முடியாது என்பதே பர்க் முதல் ஓக்‌ஷாட் வரை இந்த மரபினர் திரும்பத் திரும்பச் சொன்னது.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். எது எளிது, எது புகழ்பெற்றது என்பவற்றை வைத்து ஒப்பிட்டால் பட்டியல்தான் கிடைக்கும். எங்கள் ஊரில் நிலம் வாங்குகிறவர் இரண்டு காகிதங்களைக் கேட்பார்: ஒன்று மூலப்பத்திரம், மற்றொன்று வில்லங்கச் சான்று. முன்னோரிடமிருந்து வந்த சொத்து இது என்பதை முதல் காகிதம் சொல்கிறது. அந்தச் சொத்தின்மேல் யாருக்கு என்ன பாக்கி இருக்கிறது என்பதை இரண்டாவது சொல்கிறது. பழமைவாதம் என்பது, சாரத்தில், சமூகத்தைப் பூர்வீகச் சொத்தாகப் பார்க்கும் சிந்தனை. ஆங்கிலேயரின் உரிமைகளை விற்கவோ கூறுபோடவோ முடியாத பூர்வீகச் சொத்து என்றே பர்க் விவரித்தார். அப்படியானால் வில்லங்கச் சான்றையும் சேர்த்துக் கேட்பதே முறை. நான்கு வாசல்களில் எது இரண்டு காகிதங்களையும் நம் கையில் கொடுக்கிறது என்பதை வைத்தே நான் ஒப்பிடுகிறேன். ஈரோட்டில் பெரியார் பிறந்த மண்ணில், மரபைப் பேணுவது பற்றிப் பேச வருகிறவர் இரண்டாவது காகிதத்தை மறந்துவிட்டு வந்தால் அவரை யாரும் உட்காரச் சொல்லமாட்டார்கள்.

ஆசிரியர் சொல்லும் பர்க்கின் நூல் 1790 நவம்பரில் வெளிவந்தது. பிரெஞ்சு மன்னரின் தலை வெட்டப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்த நேரம். பாரிசில் இன்னும் நம்பிக்கைதான் நிலவியது. அந்த வேளையிலேயே, பகுத்தறிவின் பெயரால் எல்லாவற்றையும் அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்ட முனைகிறவர்கள் இறுதியில் வன்முறையில் போய் நிற்பார்கள், கடைசியில் படையைத் தன் கைக்குள் கொண்டுவரத் தெரிந்த ஒரு தளபதி நாட்டின் எசமானாவான் என்று அவர் எழுதினார். பின்னர் நடந்ததைப் பார்த்தவர்கள் அவரைத் தீர்க்கதரிசி என்றார்கள். ஆனால் நூலின் வலிமை ஆருடத்தில் இல்லை. சமூகம் என்பது ஓர் ஒப்பந்தம்தான். ஆனால் மிளகு, காப்பி, துணி, புகையிலை வியாபாரத்துக்குப் போட்டுக்கொள்ளும் கூட்டு ஒப்பந்தம் போன்றதன்று. வாழ்கிறவர்களும் இறந்தவர்களும் இனிப் பிறக்கப்போகிறவர்களும் சேர்ந்த கூட்டு அது என்று அவர் சொல்லும் இடம் இருக்கிறதே, அதுதான் இந்த மரபின் அடிக்கல். மாற்றத்துக்கு வழியில்லாத அரசு தன்னைப் பேணிக்கொள்ளவும் வழியில்லாதது என்று அதே நூலில் அவர் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாற்றமே கூடாது என்றவர் அல்லர் அவர்.

அந்த நூலில் தொடங்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பாதி நூல் பிரெஞ்சுத் தேசிய சபையின் நிதி ஏற்பாடுகள், திருச்சபை நிலங்கள், லண்டன் பிரசங்கம் ஒன்றுக்கான மறுப்பு என்று போகிறது. அடிக்குறிப்பு இல்லாமல் ஒரு பக்கம் நகராது. மேலும், பூர்வீகத்தைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசும் அந்த நூல், வில்லங்கத்தைப் பற்றிக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. அரசி மரி அந்துவானெத்துக்காக அவர் உருகும் பக்கங்கள் புகழ்பெற்றவை. வரி கொடுத்து ஒடிந்த பிரெஞ்சுக் குடியானவனுக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை. இறகின் அழகுக்கு இரங்குகிறார், செத்துக்கொண்டிருக்கும் பறவையை மறந்துவிடுகிறார் என்று தாமஸ் பெய்ன் 1791இல் சொன்ன ஒற்றை வரிக்கு இன்றுவரை நேர் பதில் கிடையாது.

இந்த இடத்தில் ஆசிரியரிடம் ஒரு மாற்றம் கேட்கிறேன்: பர்க் இருக்கட்டும், நூல் வேறாக இருக்கட்டும். 1785 பிப்ரவரி 28 அன்று ஆற்காடு நவாபின் கடன்கள் பற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய உரையை எடுத்துக்கொள்ளலாம். நவாப் முகம்மது அலி, சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையில் பெரும் வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டே போனார்; கடனுக்கு ஈடாக, அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட தம் ஆளுகைக்குட்பட்ட தமிழ்ச் சீமைகளின் வரி வருவாயையே அடகு வைத்தார். கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பால் பென்ஃபீல்ட். இந்தக் கடன்களை உண்மையா பொய்யா என்று விசாரிக்காமலேயே, நாட்டு வருவாயிலிருந்து அடைக்கப் பிரதமர் பிட்டின் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. கடன் கொடுத்த அந்தக் கூட்டத்தாரின் நாடாளுமன்றச் செல்வாக்குக்கான கைம்மாறு இது என்று பர்க் குற்றம் சாட்டினார். பொய்க் கடனை மெய்க் கடனாகப் பதிவு செய்துவிட்டு, அதைத் தமிழ் உழவனின் விளைச்சலில் வசூலிப்பது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் சுருக்கம்.

அந்த உரையின் நடுவில் பர்க் ஒரு வரைபடத்தைக் கையில் எடுக்கிறார். சென்னையைச் சுற்றிக் கம்பெனிக்கு நவாப் மானியமாக விட்ட ஜாகீர் நிலத்தின் வரைபடம் அது. அதில் உள்ள ஏரிகளைத் தாமே மெனக்கெட்டு எண்ணிப் பார்த்ததாகவும், இரண்டு மூன்று ஏக்கரிலிருந்து ஐந்து மைல் சுற்றளவு வரை ஆயிரத்து நூறுக்கு மேல் இருப்பதாகவும், அந்தக் கணக்கில் பார்த்தால் கர்நாடகத்திலும் தஞ்சையிலும் சேர்த்துப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்றும் சொல்கிறார். மண்ணும் கல்லுமான கரை, கட்டுவேலையான மதகு, ஆண்டுதோறும் தூர்வார வேண்டிய வாய்க்கால், அதற்கு ஆகும் செலவு என்று ஒவ்வொன்றாக விவரிக்கிறார். பிறகு, இவை உண்மையான மன்னர்களின் நினைவுச் சின்னங்கள், தங்கள் குடிகளுக்குத் தந்தையராக இருந்தவர்களின் சின்னங்கள், பிற்காலத்தாரைத் தம் மக்களாகவே பாவித்து அவர்களுக்கு உயில் எழுதி வைத்தவர்களின் சின்னங்கள் என்கிறார். இறந்தவர், இருப்பவர், பிறக்கப்போகிறவர் என்ற கூட்டைப் பற்றி 1790இல் பாரிசை முன்னிட்டு எழுதுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, அதை அவர் ஒரு தமிழ் ஏரிக்கரையில் கண்டுவிட்டார். இந்தியாவுக்கு வராமலே கண்டார் என்பது வேறு. பழமைவாதத்தின் மூலக் கருத்து ஒன்று நம் ஏரி, மதகு, தூர்வாரல் ஆகியவற்றை உதாரணமாகக் கொண்டு பேசப்பட்டிருக்க, நாம் ஏன் வெர்சாய் அரண்மனையிலிருந்து தொடங்க வேண்டும்?

இந்த உரையில் இரண்டு காகிதங்களும் இருக்கின்றன என்பதே என் முதன்மையான காரணம். ஏரி என்பது மூலப்பத்திரம். பென்ஃபீல்டின் கடன் என்பது வில்லங்கம், அதுவும் போலி வில்லங்கம். பூர்வீகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதிகாரத்தில் இருப்பவனின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாக வேண்டும் என்று ஒரு பழமைவாதி சொல்வதை இங்கே கேட்கலாம். அன்று பர்க் ஆதரித்துப் பேசிய தீர்மானம் தோற்றது. கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது 1788இல் தொடங்கி ஏழாண்டுகள் அவர் நடத்திய குற்ற விசாரணையும் 1795இல் விடுதலைத் தீர்ப்பில்தான் முடிந்தது. பர்க்குக்கே ஒரு வில்லங்கம் இருந்தது என்பதையும் அமர்வில் மறைக்கக்கூடாது: அவருடைய உறவினரும் நண்பருமான வில்லியம் பர்க், நவாபின் எதிரியான தஞ்சை மன்னரின் முகவராக வேலை பார்த்தவர். இன்னொன்று, கொங்கு வாசகர் மட்டுமே கவனிக்கக்கூடியது. உரையில் மிகவும் பேசப்படுவது 1780இல் ஐதர் அலி கர்நாடகத்தைச் சூறையாடியதை வருணிக்கும் பகுதி. அப்போது நம் கோயம்புத்தூர்ச் சீமை ஐதரின் மைசூர் ஆட்சிக்குள் இருந்தது. பர்க் யாரைக் கண்டு நடுங்கினாரோ அவருக்குத்தான் நம் முன்னோர் வரி கட்டினார்கள்.

ஏரியில் யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்ற கேள்வியைப் பர்க் கேட்கவே இல்லை. அதை இந்த உரையின் குறையாகவே எழுதிக்கொள்கிறேன். எங்கள் வட்டத்தில் இளைய வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பாரு ஊர்க் கிணற்றில் நேராகத் தண்ணீர் சேந்த அனுமதிக்கப்படாதவர். குடிகளுக்குத் தந்தையர் என்ற தொடரை நான் வாசித்துக் காட்டியபோது, “எந்தக் குடிக்குங்க?” என்று மட்டும் கேட்டார். நான்கு அமர்வுகளுக்கும் அந்தக் கேள்வியே போதும் என்றுகூடத் தோன்றியது.

ஹயெக்குக்கு வருவோம். திருப்பூர்க்காரரின் விருப்பத்தில் நியாயம் இருக்கிறது. 1945இல் ஹயெக் எழுதிய, சமூகத்தில் அறிவு பயன்படும் விதம் பற்றிய கட்டுரை இருபது பக்கத்துக்குள் அடங்கும். கணக்கு, சூத்திரம் எதுவும் இல்லை. ஒரு பொருளாதாரத்தை நடத்தத் தேவையான அறிவு எந்தத் திட்டக்குழுவின் மேசையிலும் குவிந்து கிடப்பதில்லை, அது இடத்தையும் நேரத்தையும் அறிந்த ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கிறது, விலை என்பதுதான் அவர்களை ஒருவரோடொருவர் பேசவைக்கிறது என்பது அதன் வாதம். பின்னலுக்கான நூலில் எந்த ரகத்துக்கு வரத்துக் குறைகிறது, எந்த நிட்டிங் யூனிட்டில் இன்று இரவு மெஷின் காலியாக இருக்கிறது, எந்த பிரிண்டிங்காரர் சொன்ன தேதிக்குத் தருவார் என்பவற்றை ஜாப் ஒர்க் விடுகிறவர் ஒருவர் போனில் பேசியே தெரிந்துகொள்வதைப் பார்த்தவர்களுக்கு ஹயெக்கை விளக்க வேண்டியதில்லை. விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் பெரிய படிப்பில்லாமல் உலகச் சந்தைக்குத் துணி தைத்து அனுப்பும் ஓர் ஊரை எந்த ஐந்தாண்டுத் திட்டமும் வரைந்து வைக்கவில்லை.

ஆனால் ஹயெக் தன்னைப் பழமைவாதி என்று ஒப்புக்கொள்ளாதவர். 1960இல் வந்த தம் பெருநூலின் பின்னுரைக்கு, தாம் ஏன் பழமைவாதி அல்லர் என்பதையே தலைப்பாக வைத்தார். பழமைவாதிக்குப் போக வேண்டிய திசை என்று ஒன்று கிடையாது, மற்றவர்கள் இழுக்கும் திசையில் மெதுவாகப் போகலாம் என்று பிரேக் போடுவது மட்டுமே அவனுக்குத் தெரியும் என்பது அவர் குற்றச்சாட்டு. இது கூர்மையான அடி. அதற்காகவே பின்னுரையைப் படிக்க வேண்டும். அதே பின்னுரையில் தம்மைப் பழைய விக் என்று சொல்லிக்கொள்கிறார். அந்தப் பட்டம் பர்க் தமக்கே சூட்டிக்கொண்டது என்பதால், கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்தவர் போலத் தெரிகிறார். வில்லங்க விஷயத்தில் அவர் வாசல் எங்களுக்குப் போதாது. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் நிலை வரை போயிற்று. சிதறிக் கிடந்த அறிவையெல்லாம் ஒன்றுசேர்த்த விலை, ஆற்றுக்கு விலை போட மறந்தது. இதற்கு ஹயெக்கின் வழியிலும் பதில் சொல்லலாம் என்று திருப்பூர்க்காரர் வாதிடுவார். சொத்துரிமையும் சட்டமும் ஒழுங்காக இருந்திருந்தால் நடந்திருக்காது என்பார். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இனிப் பிறக்கப்போகிறவனையும் கூட்டாளியாகச் சேர்த்த பர்க்கின் வாக்கியம், கீழ்நொய்யலில் நிலம் வைத்திருப்பவரிடம் அந்தச் சட்ட வாதத்தைவிடச் சீக்கிரம் போய்ச் சேரும்.

ஓக்‌ஷாட்டைப் பற்றி எழுதும்போது என் சாய்வை மறைக்க முடியவில்லை. நால்வரில் நடை அழகு மிகுந்தவர் அவர்தான். 1950இல் ஹெரால்ட் லாஸ்கி இறந்த பிறகு, லண்டன் பொருளாதாரப் பள்ளியில் அவர் வகித்த அரசியல் பேராசிரியர் பதவி 1951இல் ஓக்‌ஷாட்டுக்கு வந்தது. நம் நாட்டுச் சோசலிசத் தலைமுறை ஒன்றுக்கே குருவாக இருந்தவரின் நாற்காலியில், அரசியலில் சென்று சேர வேண்டிய துறைமுகம் எதுவுமில்லை, கப்பல் கவிழாமல் பார்த்துக்கொள்வதே வேலை என்று சொல்கிறவர் வந்து உட்கார்ந்தார். பழமைவாதம் ஒரு கோட்பாடு அன்று, ஒரு மனப்பாங்கு என்பது 1956இல் அவர் ஆற்றிய உரையின் சாரம்: தெரியாததைவிடத் தெரிந்ததை, சோதிக்காததைவிடச் சோதித்ததை, எட்டாத நிறைவைவிடக் கைக்கு எட்டிய மகிழ்ச்சியை விரும்பும் மனம்.

அவருடைய சமையல் நூல் உதாரணத்தை அரிசிம்பருப்புச் சோற்றை வைத்துச் சொன்னால் எங்கள் வட்டத்தில் உடனே விளங்கும். அரிசி இத்தனை, துவரம்பருப்பு இத்தனை, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், தண்ணீர் இத்தனை பங்கு என்று எழுதிவிடலாம். புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் தண்ணீர் எவ்வளவு மாறும், தாளிப்பில் எந்த மணம் வந்ததும் அரிசியைக் கொட்ட வேண்டும் என்பது கூடவே நின்று பார்த்தவருக்குத்தான் வரும். சமையல் நூல் சமையலுக்குத் தொடக்கமாக முடியாது, ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவரின் அறிவிலிருந்து வடித்தெடுத்த சுருக்கம்தான் அது என்கிறார் ஓக்‌ஷாட். அரசியலில் நூலறிவை மட்டும் அறிவென்று நம்புகிறவனுக்கு அவர் வைத்த பெயர் பகுத்தறிவுவாதி. இந்தச் சொல் ஈரோட்டில் எப்படி ஒலிக்கும் என்பதைத் தத்துவ ஆசிரியை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது!

கீழ்பவானி வாய்க்காலில் சில ஆண்டுகளாக நடந்துவரும் கான்கிரீட் சர்ச்சை, ஓக்‌ஷாட்டைச் சோதித்துப் பார்க்க நம் கையிலேயே உள்ள உரைகல். 1955இல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும் மண் வாய்க்கால் அது. 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு. ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு பருவம், இரட்டைப்படை மதகுகளுக்கு ஒரு பருவம் என்று பாதிப் பாதியாக முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். கரைகளைக் கான்கிரீட்டால் பலப்படுத்தினால் கடைமடைக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போகும் என்பது ஒரு தரப்பு. கசிவு வீணன்று, இருபுறமும் உள்ள கிணறுகளும் கரை மரங்களும் அந்தக் கசிவில்தான் வாழ்கின்றன என்பது மறுதரப்பு. எதிர்ப்பவர்களின் வாதம் ஓக்‌ஷாட் வாயிலிருந்து வந்தது போலவே இருக்கும்: எழுபது ஆண்டுகளாக ஓடிய வாய்க்கால் பொறியாளர் வரைபடத்தில் இல்லாத ஓர் ஒழுங்கைத் தன்னைச் சுற்றி வளர்த்திருக்கிறது, மடை திறக்கும் லஸ்கருக்கும் வாய்க்காலோரத்துப் பண்ணயக்காரருக்கும் தெரிந்த அது மதிப்பீட்டு அறிக்கையில் ஏறாது. இந்த வாதத்துக்கு நான் மனதளவில் இணங்குகிறவன். ஆனால் கடைமடைக்காரர் கேட்பதும் காதில் விழத்தான் செய்கிறது. அவருக்குப் பழக்கமானது வறட்சி. தெரிந்ததை விரும்பு என்று அவரிடம் சொன்னால் அவர் எதை விரும்புவார்?

ஓக்‌ஷாட்டின் பலவீனம் இதுதான். பழக்கமானதில் மகிழ்ந்திரு என்பது, மகிழ்வதற்கு ஏதேனும் கையில் உள்ளவனுக்குச் சொல்லும் அறிவுரை. கொங்குக் கிராமங்களின் டீக்கடைகளில் இரட்டைக் குவளையும் சோதித்துப் பார்த்த, பழகிப்போன ஏற்பாடாகத்தான் இருந்தது. மரபுக்குள்ளேயே அதைத் திருத்தும் குறிப்புகள் உண்டு, அவற்றைப் பின்தொடர்ந்து போவதே அரசியல் என்று அவர் பதில் சொல்வார்; குறிப்பு கிடைக்கும்வரை எத்தனை தலைமுறை தனிக் குவளையில் குடிப்பது என்ற கேள்விக்கு அந்தப் பதிலில் இடமில்லை. ஆகவே அவர் இரண்டாவதாகப் படிக்கத்தக்கவர். முதலில் படித்தால் அந்த அழகிய நடையிலேயே வழுக்கிப்போய்விடுவோம்.

ராஜாஜியை முன்மொழிந்தவர் ஊர்ப்பற்றில் சொன்னார் என்று முதலில் நினைத்தேன். எடுத்துப் பார்த்தபோது, நான்கு வாசல்களில் மிகவும் சிக்கலானது இதுதான் என்று தெரிந்தது. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917இல் அந்நகராட்சியின் தலைவராகி, 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர் அவர். அதே 1925இல், காவிரிக்கு இந்தப் பக்கம், அவருடைய நண்பர் பெரியார் ஈரோட்டில் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கினார். மரபுக்குள் நின்று திருத்துவது, மரபைக் கேள்வியால் உடைப்பது என்ற இரண்டு பாதைகளும் ஒரே ஆண்டில், காவிரியின் இரு கரைகளிலும் புறப்பட்டிருக்கின்றன. இதைவிட நல்ல பாடத்திட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் அமைத்துத் தராது.

ராஜாஜியைச் சொத்துரிமையின் காவலர் என்று ஒரே வரியில் அடக்குவது தவறு. 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானவர் (முதலமைச்சருக்கு அன்றைய பெயர் அது), மறு ஆண்டே உழவர் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து விவசாயிகளின் கடனைக் குறைத்தார்; 1939இல் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தார். இரண்டும் வில்லங்கத்தைத் தீர்க்கும் வேலைகள். 1952இல் முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1959 ஜனவரியில் நாக்பூரில் காங்கிரஸ் கூட்டுப் பண்ணைத் தீர்மானம் நிறைவேற்றியபோது, அந்த ஆண்டின் நடுவிலேயே சுதந்திராக் கட்சி பிறந்தது, ராஜாஜியோடு என்.ஜி. ரங்காவும் மினு மசானியும் சேர்ந்தனர். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்ற தொடர் அவர் தந்ததுதான். தானே கிணறு வெட்டி, பாறை வரும்வரை இறங்கி, கடன் வாங்கி மோட்டார் வைத்த கொங்கு விவசாயிக்குக் கூட்டுப் பண்ணை என்ற சொல் எப்படிப் பட்டிருக்கும் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. 1962இல் 18 மக்களவை இடங்கள், 1967இல் 44 இடங்களோடு முதன்மை எதிர்க்கட்சி, 1971இல் வெறும் 8, 1974இல் வேறொரு கட்சியில் கரைந்து மறைவு. சந்தையை ஹயெக்கைப் போல் ஆதரித்தாலும், ஆசைக்கு அணை போடுவது தருமம் என்று ஓயாமல் எழுதிய இடத்தில் ராஜாஜி ஹயெக்கை விட்டு விலகிப் பர்க்கின் பக்கம் வந்துவிடுகிறார்.

ஆனால் 1953 இருக்கிறது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று அவர் கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்றே அழைத்தார்கள். 1954இல் அவர் பதவி விலகக் காமராசர் முதலமைச்சரானார். பள்ளிகள் போதாது, அதிகப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்ற நிர்வாகக் கணக்கு திட்டத்தின் பின்னால் இருந்தது உண்மை. தந்தையின் தொழிலும் ஓர் அறிவு என்பதில் ஓக்‌ஷாட் அவரோடு உடன்பட்டிருப்பார். இருந்தும், தந்தையின் தொழில் என்பது நெசவாளி வீட்டில் ஒரு கலை, தோட்டி வீட்டில் ஒரு தண்டனை என்ற வேறுபாட்டைக் காணத் தவறிய இடத்தில், 1938இல் மற்றவர் கடனைத் தள்ளுபடி செய்யத் தெரிந்தவருக்குப் பிறப்பின்மேல் ஏற்றிய கடன் கண்ணில் படவில்லை. இந்த ஒரு சம்பவத்தை முழுதாக விவாதித்தால் பழமைவாதத்தின் பலமும் பலவீனமும் ஒரே மேசையில் வந்துவிடும். அதனாலேயே இதை முதல் அமர்வில் வைக்கக்கூடாது. முதல் அமர்வில் வைத்தால் கட்சிச் சண்டையாக முடியும். பர்க்கையும் ஓக்‌ஷாட்டையும் படித்த பிறகு வந்தால், அதே சண்டை கொஞ்சம் தெளிவோடு நடக்கும்.

போகிற போக்கில் விட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஜோசப் தெ மேஸ்த்ர் போன்ற பிரெஞ்சு எதிர்ப்புரட்சியாளர்களைச் சேர்க்க வேண்டாம். கடவுளின் தண்டனையாகப் புரட்சியைப் பார்த்தவரோடு வாதம் செய்ய இடமில்லை. 1953இல் ரஸ்ஸல் கிர்க் பழமைவாதச் சிந்தனையாளர்கள் பற்றி ஒரு நூலில் அமெரிக்கருக்காக வரைந்த பரம்பரை விருட்சம் தலைமுறைகளைத் தெரிந்துகொள்ள உதவும், ஆனால் அது வேறொரு நாட்டின் குலதெய்வ வரிசை.

எனவே என் பரிந்துரை இது. முதல் அமர்வுக்குப் பர்க்கின் 1785 உரையிலிருந்து கடன் விவரம், ஐதர் படையெடுப்பு, ஏரிகள் ஆகிய மூன்று பகுதிகள். அவற்றோடு 1790 நூலிலிருந்து சமூக ஒப்பந்தப் பத்தியும் பெய்னின் மறுப்பும். ஆங்கிலம் சிரமப்படுகிறவர்களுக்காக அந்தப் பக்கங்களை நானும் ஆசிரியரும் தமிழில் பெயர்த்துப் படியெடுத்துத் தருகிறோம். இரண்டாவது அமர்வுக்கு ஓக்‌ஷாட்டின் 1956 உரை, வாய்க்கால் சர்ச்சையோடு. மூன்றாவதற்கு ராஜாஜி; அதில் பெரியாரின் கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து எதிர்வாதத்தை நடத்தும் பொறுப்பு இளைய வழக்கறிஞருடையது. கடைசி அமர்வுக்கு ஹயெக்கின் கட்டுரையும் பின்னுரையும். தன் ஆள் நான்காவதாகத் தள்ளப்பட்டதில் திருப்பூர்க்காரருக்கு வருத்தம். ஆனால் மற்ற மூவரையும் மறுக்கும் வாய்ப்பு அவருக்குத்தான் கிடைக்கிறது என்று சொன்ன பிறகு சம்மதித்தார்.

மூத்த உறுப்பினர் இதற்கு ஒப்புக்கொண்டபோது ஒன்றைச் சேர்த்தார். பவானி ஆற்றிலிருந்து 13ஆம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டிய காலிங்கராயன், சொந்த லாபத்துக்காக வெட்டினான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, தன் வம்சத்தார் அந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு ஊத்துக்குளிப் பக்கம் குடிபெயர்ந்ததாகக் கொங்கில் வழிவழியாகச் சொல்கிறார்கள். பிற்காலத்தாருக்கு உயில் எழுதியவர்கள் என்று பர்க் புகழ்ந்தவர்களிலும், தன் வாரிசின் பெயரையே உயிலிலிருந்து அடித்த ஆள் ஒருவன் இருந்தான் என்பதை முதல் அமர்வில் சொல்ல வேண்டும் என்றார். இளைய வழக்கறிஞர் வேறொன்றைக் கேட்டார். பர்க் வரைபடத்தில் ஏரிகளை எண்ணியதைப் போல, கோபி வட்டத்தில் தமக்குத் தெரிந்த குளம், கிணறு, மடை ஒவ்வொன்றையும் உறுப்பினர்கள் ஒரு தாளில் எழுதி வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதில் இறங்க அனுமதிக்கப்படாதவர்கள் யார், எந்த ஆண்டுவரை என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நிரப்ப வேண்டும். இரண்டையும் முதல் அமர்வின் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். தாளை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன்.